மூன்று முறை தோற்றாயிற்று, நான்காவது முறை உட்காரலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: “ஒரு போட்டித் தேர்வை மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்று முறையும் கை நழுவிப் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் ‘விடாமுயற்சி இருந்தால் ஜெயிக்கலாம்’ என்கிறார்கள். உண்மையிலேயே விடாமுயற்சியால் வெற்றி வருமா? இல்லை, திறமை உள்ளவர்களுக்கு மட்டும் பலிக்கிற வார்த்தையா அது? இன்னும் எவ்வளவு நாள் விடாமல் இருப்பது?”

நேராகவே சொல்லிவிடுகிறேன். விடாமுயற்சிக்குப் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் எத்தனை முறை முயன்றோம் என்ற கணக்கைப் பார்த்து வருவதில்லை. ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவில் நம்மிடம் என்ன மாறியது என்பதைப் பார்த்துத்தான் வருகிறது. உங்கள் கேள்வியில் ‘மூன்று முறை’ என்று இருக்கிறது. இரண்டாவது முறை முதல் முறையிலிருந்து எப்படி வேறுபட்டது என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தோற்ற வலியில் இருக்கும்போது யாராக இருந்தாலும் எண்ணிக்கைதான் முதலில் வாயில் வரும்.

நான் பல வருடங்களாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். தோல்வியைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அது. ஒருமுறை இரண்டு மாணவர்களுக்கு ஒரே வடிவியல் கணக்கைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் மாணவனின் பக்கத்தில் ரப்பர் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் காகிதமே மெலிந்து, ஓர் இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. நான்கு முறை போட்டிருக்கிறான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பென்சில் தடம் தெரிந்தது: நான்கு முறையும் முதல் வரி ஒன்றேதான், மையத்திலிருந்து ஒரு செங்குத்துக்கோடு. நான்கு முறையும் ஒரே இடத்தில் நின்றுபோயிருந்தான்.

இன்னொரு மாணவி எதையும் அழிக்கவில்லை. தப்பான இடத்தில் ஒரே ஒரு கோடு கிழித்துவிட்டு, ஓரத்தில் ‘இந்தக் கோணம் தெரியாமல் நகர முடியவில்லை’ என்று எழுதியிருந்தாள். அடுத்த பக்கத்தில் ‘கோணமே இல்லாமல் போட முடியுமா?’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே பரப்பளவை இரண்டு விதமாக எழுதிச் சமன்படுத்திப் பார்த்திருந்தாள். அதுவும் முடியவில்லை. ஆனால் ஏன் முடியவில்லை என்று அதற்கும் ஒரு குறிப்பு இருந்தது.

இருவருமே விடை காணவில்லை, இருவருமே ஏறக்குறைய ஒரே அளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் இரண்டு பேருக்கும் ‘நல்ல விடாமுயற்சி’ என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

தமிழில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. விடாப்பிடி என்கிறோம், விடாமுயற்சி என்கிறோம். விடாப்பிடியில் கை இறுக மூடியிருக்கிறது. விடாமுயற்சியில் கை வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தப் பையனிடம் இருந்தது விடாப்பிடி. அவனுக்கு மன உறுதி குறைவு என்று யாராலும் சொல்ல முடியாது; காகிதம் ஓட்டையாகிற அளவுக்கு உறுதி இருந்தது. தப்பை அழிக்கும்போது அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதும் சேர்ந்து அழிந்துபோகிறது என்று அவனுக்கு யாரும் காட்டித்தரவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியதற்கு ஒரு காரணம் அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த். 2007-ல் அவரும் சக ஆய்வாளர்களும் ‘கிரிட்’ என்ற சொல்லை முன்வைத்தார்கள். நீண்டகால இலக்கின்மேல் மாறாத ஆர்வம், அதோடு சளைக்காத உழைப்பு, இரண்டும் சேர்ந்தது கிரிட் என்று வரையறுத்து, அதை அளக்க 12 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் உருவாக்கினார்கள். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 2004-ல் சேர்ந்த 1,218 பேரிடம் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே முதல் கோடையில் ஏழு வாரம் உடம்பையும் மனசையும் பிழிந்து எடுக்கிற பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சியை யார் பாதியில் விடுவார்கள், யார் முடிப்பார்கள் என்பதைக் கணிப்பதில், கல்லூரி பல அம்சங்களைக் கூட்டிப் போடும் சேர்க்கை மதிப்பெண்ணைவிட இந்தச் சின்னக் கேள்வித்தாள் நன்றாக வேலை செய்தது.

கதை இங்கே நின்றுவிட்டால் ‘மன உறுதிதான் எல்லாம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். நிற்கவில்லை. 2017-ல் மார்கஸ் கிரெடே என்பவரும் இரண்டு சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டினார்கள். மொத்தம் 66,807 பேரின் தரவு. கிரிட்டுக்கும் சாதனைக்கும் உள்ள தொடர்பு சிறியதுதான் என்று தெரிந்தது. உளவியலில் வெகுகாலமாகவே இருக்கும் ‘பொறுப்புணர்வு’ என்ற குணத்தோடு கிரிட் ஏறக்குறைய ஒட்டிக் கிடக்கிறது, புதிதாக எதையும் பெரிதாகச் சொல்லவில்லை என்றார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. கிரிட்டின் இரண்டு பாகங்களில், ‘ஒரே ஆர்வத்தில் மாறாமல் இருப்பது’ என்ற பாகத்தைவிட ‘சளைக்காமல் உழைப்பது’ என்ற பாகம்தான் சாதனையோடு அதிகம் சேர்ந்துபோனது. உழைப்பில் சளைக்காமல் இருங்கள், ஆர்வம் கொஞ்சம் இடம் மாறினால் பதற வேண்டாம் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன்.

டக்வொர்த்தின் குழுவே 2019-ல் அதே வெஸ்ட் பாயிண்டில் பத்து ஆண்டுகளில் சேர்ந்த 11,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து மறுபடி பார்த்தது. மதிப்பெண்ணை அதிகம் தீர்மானித்தது அறிவுத்திறன். முதல் கோடைப் பயிற்சியைத் தாண்டுவதைத் தீர்மானித்ததில் கிரிட்டுக்கு முக்கியப் பங்கு. நான்கு ஆண்டு முடித்துப் பட்டம் வாங்குவதில் கிரிட்டும் உடல்திறனும் முன்னால் நின்றன. ஆக, ‘திறமையா விடாமுயற்சியா’ என்ற உங்கள் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எவ்வளவு நன்றாகச் செய்கிறோம் என்பதில் திறமையின் கை ஓங்கியிருக்கிறது. கடைசி வரை களத்தில் இருக்கிறோமா என்பதில் விடாமுயற்சியின் கை ஓங்கியிருக்கிறது. களத்தில் இல்லாதவனுக்குத் திறமை இருந்தும் பயனில்லை என்பதால்தான் இரண்டாவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது 2019-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த வேறோர் ஆய்வு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் தஷுன் வாங் குழுவினர் தோல்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு விஞ்ஞானிகள் 30 ஆண்டுகளில் அனுப்பிய 7 லட்சத்துக்கும் அதிகமான நிதி விண்ணப்பங்கள், அதோடு புதிதாகத் தொழில் தொடங்கியவர்களின் பல ஆண்டுப் பதிவுகள். கடைசியில் ஜெயித்தவர்களையும் கடைசிவரை ஜெயிக்காமலே நிறுத்திக்கொண்டவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜெயித்தவர்கள் அதிக முறை முயன்றிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. முயற்சிகளின் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. முதல் முயற்சியின் தரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் இரண்டாவது முயற்சியில்தான் ஆரம்பிக்கிறது. ஜெயித்தவர்கள் முந்தைய விண்ணப்பத்தில் எது சரியாக இருந்தது, எது இடித்தது என்று பிரித்துவைத்துக்கொண்டு, நன்றாக இருந்ததைக் கையோடு எடுத்துவந்து, இடித்ததை மட்டும் மாற்றியவர்கள் போல நடந்துகொண்டார்கள். அதனால் அவர்களுடைய ஒரு தோல்விக்கும் அடுத்த முயற்சிக்கும் இடைப்பட்ட காலம் சுருங்கிக்கொண்டே வந்தது. மற்றவர்களிடம் அந்தச் சுருக்கம் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தொடங்கியவர்கள் போல இருந்தது அவர்கள் போக்கு. தேய்ந்த காகிதமும், ஓரத்தில் குறிப்பெழுதிய நோட்டும் எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டன.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோம். உண்மைதான். ஆனால் ஒரே தடத்தில் ஊர்வதால் தேய்கிற கல்லும் உண்டு, தடத்தை மாற்றினால்தான் வழி கிடைக்கிற கல்லும் உண்டு.

கணிதத்திலிருந்தே ஒரு பெரிய உதாரணம் சொல்கிறேன். இதை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கே தொண்டை அடைக்கும். பியர் டி ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1637-ஐ ஒட்டி ஒரு புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வாக்கியம் எழுதிவைத்தார். அது உண்மையா என்று நிறுவ முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் யாராலும் முடியவில்லை. ஆண்ட்ரூ வைல்ஸ் பத்து வயதில் ஒரு நூலகத்தில் இந்தக் கணக்கைப் பார்த்து, இதை நான்தான் போடவேண்டும் என்று நினைத்தார்.

பொதுவாக இந்த இடத்திலிருந்து நேராக வெற்றிக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் நடந்ததுதான் முக்கியம். ஆராய்ச்சி மாணவரானபோது வைல்ஸ் அந்தக் கணக்கை ஒதுக்கிவைத்தார். அவருடைய வழிகாட்டி ஜான் கோட்ஸ் நீள்வட்ட வளைவுகள் என்ற துறையைக் காட்டினார். வைல்ஸ் பல ஆண்டுகள் அதில் வேலை செய்தார். நேராக மோதிப் பயனில்லாத சுவரில் மோதாமல், தேறுகிற வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். 1986-ல் கென் ரிபெட் ஒன்றை நிறுவினார்: நீள்வட்ட வளைவுகளைப் பற்றிய ஒரு பெரிய ஊகத்தை நிரூபித்தால் ஃபெர்மாவின் கணக்கும் தானாகவே முடிந்துவிடும். ஒதுக்கிவைத்த சிறுவயது ஆசையும், இத்தனை ஆண்டுகள் கற்ற தொழிலும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்துசேர்ந்தன. அன்றிலிருந்து ஏழு ஆண்டுகள், பெரும்பாலும் தன் வீட்டு மாடி அறையில், கிட்டத்தட்ட யாரிடமும் சொல்லாமல் உழைத்தார்.

1993 ஜூன் 23 அன்று கேம்பிரிட்ஜில் அறிவித்தார். உலகமே கொண்டாடியது. இரண்டு மூன்று மாதத்தில், சரிபார்த்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றிலிருந்து ஓட்டை தெரிந்தது. அதுவும் மேலோட்டமாக ஒட்டுப்போட முடியாத ஓட்டை. அடுத்த ஒரு வருடம் அவர் பட்டிருக்கக்கூடிய பாட்டை நினைத்துப் பாருங்கள்: ஏழு ஆண்டு தனிமையில் தாங்கிய பாரம் இப்போது ஊரறியத் தாங்கவேண்டிய பாரமாகிவிட்டது. தன் பழைய மாணவர் ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அப்போதும் அடைபடவில்லை.

1994 செப்டம்பர் 19, காலை. கிட்டத்தட்டக் கைவிடுகிற நிலை. மேஜையில் உட்கார்ந்து, இந்த முறை ஏன் ஓடவில்லை என்பதையாவது தெரிந்துகொள்வோம் என்று கடைசியாக ஒரு தடவை பார்த்தார். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அன்று அவர் கேட்டது ‘எப்படி முடிப்பது’ என்ற கேள்வியை அல்ல. ‘சரியாக எங்கே, எதனால் உடைகிறது’ என்ற கேள்வியை. அப்போதுதான் தெரிந்தது: இந்த முறையை உடைக்கிற அதே விஷயம், மூன்று ஆண்டுகளுக்கு முன் தான் தூக்கிப்போட்ட வேறொரு முறையை ஓடவைக்கும். இவாசாவா கோட்பாடு என்று அதற்குப் பெயர். தனித்தனியாக இரண்டுமே போதவில்லை, சேர்த்தால் போதும். இருபது நிமிடம் நம்பமுடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், அன்று முழுக்கத் துறைக் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று மேஜைக்குத் திரும்பித் திரும்பி வந்ததாகவும் பின்னாளில் சொன்னார். 1995 மே மாதம் நிரூபணம் அச்சில் வந்தது.

தோற்றுப்போன முயற்சியை அவர் அழித்திருந்தால் அந்தச் செப்டம்பர் காலை வந்திருக்காது. கைவிட்ட முறை என்னவென்று அவருக்குத் துல்லியமாக நினைவிருந்தது. அது எங்கே நின்றது என்பதும் நினைவிருந்தது. விடாமுயற்சியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: பழைய தோல்வி, பல வருடம் கழித்துத் திடீரென்று ஒரு கருவியாக மாறுவது.

பயிற்சி நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனென்றால் ‘பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் தேர்ந்துவிடலாம்’ என்ற பேச்சு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்த எண்ணின் மூலம், ஆண்டர்ஸ் எரிக்சன் குழு 1993-ல் வெளியிட்ட, பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களைப் பற்றிய ஆய்வு. சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக அந்த அளவு தனியே பயிற்சி செய்திருந்தார்கள். அது ஒரு சராசரி, எல்லோருக்குமான வாசற்படி அல்ல. எரிக்சன் அழுத்திச் சொன்னதும் மணிக்கணக்கை அல்ல. தன் பலவீனத்தைக் குறிவைத்து, திருத்தம் வாங்கி வாங்கிச் செய்கிற பயிற்சியைத்தான். 2014-ல் மெக்நமாரா குழு பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஆளுக்கு ஆள் தெரிகிற சாதனை வித்தியாசத்தில் பயிற்சியால் விளக்கக்கூடிய பங்கு சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 சதவீதம், இசையில் 21, விளையாட்டில் 18, கல்வியில் 4 என்று வந்தது. பயிற்சி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. மணி நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்று அர்த்தம். தினமும் பதினாலு மணி நேரம் படித்தேன் என்று யாராவது சொன்னால், அதில் எத்தனை மணி நேரம் தெரியாததோடு இருந்தீர்கள் என்றுதான் நான் கேட்பேன். தெரிந்ததையே திரும்பப் படிப்பது சுகமாக இருக்கும், நேரமும் ஓடிவிடும்.

அப்புறம், விடாமுயற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது: அது தனி மனிதருடைய குணம் மட்டுமே கிடையாது. 2013-ல் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் சின்னக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு இனிப்பை உடனே தின்னலாம், காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்ற பழைய சோதனைதான். ஆனால் அதற்கு முன்னால், பாதிக் குழந்தைகளிடம் ‘நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் 3 நிமிடம். பொறுமை இல்லாத குழந்தை என்று நாம் முத்திரை குத்துகிற குழந்தை, ‘இங்கே காத்திருந்து பிரயோசனமில்லை’ என்று சரியாகவே புரிந்துகொண்ட குழந்தையாக இருக்கலாம்.

இன்னொரு சோதனை இதைவிடச் சின்னக் குழந்தைகளோடு, 2017-ல் வந்தது. ஒன்றேகால் வயதை ஒட்டிய குழந்தைகள். எதிரே ஒரு பெரியவர் டப்பாவுக்குள் இருக்கும் பொம்மையை எடுக்க அரை நிமிடம் திணறித் திணறி எடுக்கிறார். வேறு சில குழந்தைகள் முன்னால் சுலபமாக எடுத்துவிடுகிறார். பிறகு குழந்தையிடம் பாட்டுப் பாடுகிற ஒரு பொம்மையைக் கொடுக்கிறார்கள். அதில் பெரிய பொத்தான் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் ஆகாது. பெரியவர் திணறி ஜெயித்ததைப் பார்த்த குழந்தைகள் அந்தப் பொத்தானை அதிக முறை அழுத்தினார்கள். பேச்சு வராத வயதில்! பிள்ளைகளுக்கு விடாமுயற்சி வரவேண்டும் என்று நினைக்கிற பெற்றோர் அறிவுரையைக் குறைத்துக்கொண்டு, தங்கள் திணறலை மறைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது என்று இதைப் படித்தபோது நினைத்தேன். நானும் கரும்பலகையில் தப்பாகப் போட்டால் இப்போதெல்லாம் அவசரமாக அழிப்பதில்லை.

காட்டலின் கரிக்கோவின் வாழ்க்கையிலும் இந்தச் சூழல் விஷயம் பளிச்சென்று தெரியும். எந்தப் புரதத்தைச் செய்யவேண்டும் என்று செல்லுக்குச் சொல்கிற எம்ஆர்என்ஏ என்ற மூலக்கூறை மருந்தாக்க முடியும் என்று நம்பிய விஞ்ஞானி அவர். 1985-ல் ஹங்கேரியை விட்டுக் கணவரோடும் இரண்டு வயது மகளோடும் அமெரிக்கா போனார். கையிலிருந்த 900 பவுண்டை மகளின் கரடி பொம்மைக்குள் வைத்துத் தைத்து எடுத்துப்போனார். நிதி விண்ணப்பங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. 1995-ல் வேலையில் கீழ்ப்படிக்கு இறக்கப்பட்டார். அவர் செலுத்திய எம்ஆர்என்ஏ உடலில் அழற்சியைக் கிளப்பியது, அதுதான் பெரிய தடை. பிறகு ட்ரூ வைஸ்மன் என்ற நோயெதிர்ப்பு விஞ்ஞானியோடு சேர்ந்து செய்த சோதனைகளில், ஒப்பீட்டுக்காக வைத்திருந்த டிஆர்என்ஏ என்ற வேறு வகை ஆர்என்ஏ அழற்சியை உண்டாக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். ஏன் இது மட்டும் சும்மா இருக்கிறது? டிஆர்என்ஏவில் இயற்கையாகவே மாற்றம் பெற்ற எழுத்துகள் நிறைய இருக்கின்றன. அதே மாதிரி ஒரு மாற்றத்தை எம்ஆர்என்ஏவிலும் செய்தார்கள், அழற்சி அடங்கியது. அந்தக் கட்டுரை வந்தது 2005-ல். கொரோனா தடுப்பூசிகளுக்கு அடித்தளமாகி, 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது.

இலக்கு மாறவில்லை. மூலக்கூறின் எழுத்து மாறியது, கூட்டாளி மாறினார், அவர் வேலை செய்த இடமும் பிறகு மாறியது. அதோடு, சரியான ஒரு ஆள் பக்கத்தில் வந்து சேராமல் இருந்திருந்தால் அவருடைய உறுதி மட்டும் போதுமாக இருந்திருக்குமா என்றும் நான் யோசிப்பதுண்டு. அவரைப் போலவே உறுதியாக இருந்து, யாரும் வந்து சேராமல், பெயர் தெரியாமல் போனவர்கள் இருப்பார்கள். வெற்றிக் கதைகளை மட்டும் படித்துவிட்டு ‘விடாமல் இருந்தால் எல்லோருக்கும் கிடைக்கும்’ என்று சொல்வது தோற்றவர்களுக்குச் செய்கிற அநியாயம். தோற்றதோடு, ‘நீ போதுமான அளவு முயலவில்லை’ என்ற பழியையும் அவர்கள் தலையில் கட்டுகிறோம்.

இப்போது உங்கள் கேள்வியின் கடினமான பாதிக்கு வருகிறேன். எப்போது விடுவது?

விடுவது பற்றிப் பேசினாலே கோழைத்தனம் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2015-ல் கேல் லூகாஸ் குழு செய்த ஆய்வில், கிரிட் அதிகம் உள்ளவர்கள், தோற்றுக்கொண்டிருக்கும்போதும், விட்டால் லாபம் என்ற நிலையிலும்கூட விடாமல் தொடர்ந்தார்கள். அந்தக் குணத்தின் மறுபக்கம் அது. ஏற்கெனவே போட்ட பணமும் காலமும் வீணாகிவிடுமே என்ற நினைப்பு நம்மை இழுத்துப் பிடிக்கிறது என்று ஆர்க்ஸும் ப்ளூமரும் 1985-லேயே காட்டிவிட்டார்கள். ‘மூன்று வருடம் போட்டுவிட்டேன்’ என்பது நான்காவது வருடம் போடுவதற்கான காரணம் ஆகாது. அந்த மூன்று வருடம் எப்படியும் திரும்பி வராது. நான்காவது வருடத்தை அதன் சொந்தத் தகுதியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். கார்ஸ்டன் ரோஷ் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில், எட்டாத இலக்கை விடவும், விட்ட பிறகு வேறொரு இலக்கைப் பற்றிக்கொள்ளவும் தெரிந்தவர்களின் மனநலம் நன்றாக இருந்தது. விட்டுவிட்டு வெறுமையாக நிற்பது வேறு, விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடிப்பது வேறு.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ‘இந்தத் தேர்வு எதற்காக?’ என்று. பல பேருக்கு அந்தத் தேர்வு ஒரு வழி மட்டும்தான். உண்மையான இலக்கு அதற்குப் பின்னால் இருக்கிறது. மக்களுக்குப் பயன்படுகிற வேலை, குடும்பத்துக்கு நிலையான வருமானம், ஒரு துறையில் ஆழமாகப் போவது, இப்படி ஏதோ ஒன்று. வழியை விட்டாலும் இலக்கை விடவேண்டியதில்லை என்று தெரிந்ததும் பலருக்கு மூச்சு சீராவதை நேரில் பார்த்திருக்கிறேன். வைல்ஸ்கூட ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது ஃபெர்மாவை ஒதுக்கித்தானே வைத்தார்?

தொடர்வது என்று முடிவு செய்தால், தேதி போட்டுக்கொண்டு தொடருங்கள். இந்த மாதத்திலிருந்து இத்தனை மாதம், இந்த ஒன்றை மாற்றி முயல்கிறேன், அதற்குள் இந்த அளவு நகரவில்லை என்றால் வேறு வழி. இதை நிதானமாக இருக்கிற ஒரு நாளில் எழுதிவைக்க வேண்டும். தேர்வு முடிவு வந்த இரவில் எடுக்கிற எந்த முடிவையும், தொடர்வேன் என்பதையும் சரி, விடுவேன் என்பதையும் சரி, நான் நம்புவதில்லை.

அன்றாட உழைப்பைப் பற்றி உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைக் கவனித்து 2010-ல் எழுதியது: ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணித்தார்கள். ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை. இந்தக் கடைசி வரியைத்தான் என் மாணவர்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். ஒரு நாள் விட்டுப்போனதும் ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று ஒரு மாதமே விட்டுவிடுகிறவர்கள் அநேகம். விடாமுயற்சி உள்ளவர்கள் ஒரு நாளும் தவறாதவர்கள் என்ற எண்ணம் எப்படியோ நம் மனசில் ஊறிவிட்டது. நான் பார்த்தவரை அவர்களும் தவறுகிறார்கள், மறுநாள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

மனம் சோர்ந்து ‘என்னால் முடியாது’ என்று தோன்றுகிற நாட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1967-ல் செலிக்மனும் மேயரும் செய்த சோதனையில், தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சியை அனுபவித்த நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் அசையாமல் கிடந்தன. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2016-ல், அதே இருவரும் மூளை ஆய்வுகளை வைத்துத் தங்கள் கருத்தையே திருப்பிப்போட்டார்கள்: நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது மூளையின் இயல்பான எதிர்வினை, அதைக் கற்கவேண்டியதில்லை. கற்கப்படுவது ‘என் செயலால் ஏதோ மாறுகிறது’ என்ற உணர்வுதான். ஆகவே மூன்று தோல்விக்குப் பிறகு நீங்கள் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தால் அது குணக்கேடு இல்லை. உங்கள் கையால் ஒன்று மாறுவதை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மறுபடி கண்ணால் பார்க்கவேண்டும். ஒரே ஒரு தலைப்பு, நேற்று ஐந்துக்கு இரண்டு, இன்று ஐந்துக்கு நான்கு. அந்த அளவு போதும்.

அதனால் நான்காவது முறை விண்ணப்பிப்பதற்கு முன், ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி மூன்று தேர்வுகளின் மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்தப் பகுதியில் எத்தனை போனது, தெரியாமல் போனதா, நேரம் போதாமல் போனதா, தெரிந்தும் பதற்றத்தில் போனதா. மூன்றிலும் ஒரே இடத்தில் அடி விழுந்திருக்கிறது என்றால், அந்த ஒரு இடத்துக்கு மட்டும் வேறு ஆசிரியரோ வேறு முறையோ தேடிக்கொண்டு உட்காரலாம், நான் தாராளமாகச் சரி என்பேன். அடி விழுந்த இடம் ஒவ்வொரு முறையும் மாறி, மொத்தம் கொஞ்சமாவது ஏறிக்கொண்டு வருகிறது என்றால், நீங்கள் ஏற்கெனவே சரியான வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். மொத்தமும் ஏறவில்லை, எங்கே போனது என்று உங்களுக்கே சொல்லத் தெரியவில்லை என்றால், விண்ணப்பப் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் விடைகளைத் திருத்திக் காட்டக்கூடிய ஒருவரிடம் பழைய வினாத்தாள் ஒன்றை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எழுதும்போது எதையும் அழிக்காதீர்கள்.